உணங்கலும் காவலும்: சங்கப் பாடல்களில் முன்றில் என்னும் வெளி

ஆய்வுச் சுருக்கம்

வீட்டின் முன்வெளியை ஓய்வுக்கும் விருந்தோம்பலுக்கும் உரிய இடமாகக் காணும் போக்கு இன்றைய வீட்டு வடிவமைப்பு எழுத்துகளிலும், அவற்றிற்குச் சான்று தேடும் இலக்கியக் கட்டுரைகளிலும் மிகுந்துள்ளது. சங்கப் பாடல்களின் முன்றிலும் முற்றமும் முதன்மையாகத் தொழில் நிகழும் இடங்கள் என்பதும், தானியத்தை உலர்த்திக் காக்கும் பெண்ணின் உழைப்பே அவ்வெளிக்கு உயிர் தருகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் மூன்று பாடல்களும் புறநானூற்றின் 319, 320ஆம் பாடல்களும் நற்றிணை 45, குறுந்தொகை 41 ஆகியனவும் இதற்கு அடிப்படைச் சான்றுகளாகின்றன.

திறவுச் சொற்கள்: முன்றில், முற்றம், திண்ணை, உணங்கல், பார்வை மான், வல்லாண்முல்லை.

முன்னுரை

வீட்டோடு ஒட்டித் தளமிட்டு, கூரையின்றி விடப்படும் வெளியை ‘பேட்டியோ’ என்று இன்றைய வீட்டு வடிவமைப்புத் துறையினர் வழங்குகின்றனர். வீட்டினுள் அமைந்த திறந்த முற்றத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் அது. ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வரும்போது, நாற்காலியிட்டு அமர்ந்து தேநீர் அருந்தவும் விருந்தினரோடு அளவளாவவும் உரிய ‘வெளிப்புற வாழ்விடம்’ என்னும் பொருளையும் உடன் கொண்டுவந்துவிட்டது. தமிழில் இதனைப் பற்றி எழுதுவோர் உடனே திண்ணையையும் முற்றத்தையும் நினைவுகூர்கின்றனர். வழிப்போக்கர் இளைப்பாறிய திண்ணை, காற்றும் ஒளியும் தந்த முற்றம், உறவினர் கூடிப் பேசிய வாசல் என்று அந்நினைவு விரிகிறது. இவையெல்லாம் நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன என்பதற்குப் பட்டினப்பாலையின் முற்றக் காட்சி சான்றாகக் காட்டப்படுகிறது.

சான்று பொய்யன்று, ஆனால் அதனை வாசிக்கும் முறை குறையுடையது. பொற்குழையைக் கோழிமேல் எறியும் மகளிரைச் செல்வச் செழிப்பின் அடையாளமாக மட்டும் விளக்கிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். இக்கட்டுரையாளரும் வகுப்பறையில் பல ஆண்டுகள் அவ்வாறே விளக்கியவர்தாம். அம்மகளிர் முற்றத்தில் என்ன செய்துகொண்டிருந்தனர் என்ற எளிய வினாவை மாணவி ஒருவர் எழுப்பிய பின்னரே, அக்காட்சியின் வினைமுற்றுகளை வரிசையாக நோக்க வேண்டிய தேவை புலப்பட்டது. அவர்கள் ஓய்வெடுக்கவில்லை, உணவுக்காக உலர்த்திய தானியத்தைக் காத்துக்கொண்டிருந்தனர்.

சொல்லும் அதன் வடிவமும்

முன்றில் என்ற சொல்லைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் தனி நூற்பாவில் எடுத்தாள்கிறார். முன் என்னும் சொல்லின் முன்னர் இல் என்னும் சொல் வருமிடத்து இடையில் றகர ஒற்றுத் தோன்றும் என்பதும், அது தொன்றுதொட்டு மருவி வந்த மரபு என்பதும் அந்நூற்பாவின் கருத்து. நன்னூல் மரபில் இச்சொல் இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாக நிலைபெற்றது. ‘இல்முன்’ என வரவேண்டியது முன்பின்னாக மாறி ‘முன்றில்’ ஆயிற்று என்பர். பள்ளி இலக்கணத்தில் இன்றும் இதுவே முதல் எடுத்துக்காட்டு.

இலக்கணிகளின் இவ்விரு விளக்கங்களும் ஒன்றில் உடன்படுகின்றன. மாற்றத்திற்குப் பின்னரும் இச்சொல் இல்லத்தின் முன்னிடத்தையே குறிக்கிறது. எனினும் சொல்லின் வடிவத்தை மட்டும் நோக்கும் ஒருவருக்கு அது ‘முன்னால் உள்ள இல்’ என்றே ஒலிக்கும். இதனைச் சொற்பொருளாகக் கொள்ள இடமில்லை. ஆயினும் சங்கப் பாடல்களில் முன்றிலில் நிகழும் செயல்களைத் தொகுத்துப் பார்த்தால், இல்லத்தினுள் நிகழ்வன என்று நாம் எண்ணும் பலவும் அங்கே நிகழ்வதைக் காணலாம். தானியம் குற்றுதல், தண்ணீர் சேமித்தல், உணவுப்பொருள் உலர்த்தல், உறங்குதல், குழந்தைகள் விளையாடுதல் அனைத்திற்கும் அதுவே களம். சிறிய குடிலுக்கு முன்றிலே பெரிய பகுதி.

முற்றம் என்பது இப்பாடல்களில் பெரும்பாலும் அகன்ற மனைகளோடு சார்ந்து வருகிறது. நெடுநல்வாடையில் அரண்மனை முற்றத்தில் வேறிடத்திலிருந்து கொணர்ந்த மணல் பரப்பப்பட்டுள்ளது. மணலைக் கொணர்ந்தோர் யாவர் என்பதைப் புலவர் சொல்லவில்லை. அரண்மனையில் உழைப்பு மறைகிறது. சீறூரில் அது கண்முன் நிற்கிறது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு இனிவரும் பாடல்களை நோக்கலாம்.

ஒரு புலவர், மூன்று வெளிகள்

பெரும்பாணாற்றுப்படை, பட்டினப்பாலை ஆகிய இரண்டும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றியவை. முன்னது தொண்டைமான் இளந்திரையனையும் பின்னது கரிகாலனையும் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது. எட்டுத்தொகையுள் அகநானூறு 167, குறுந்தொகை 352 என்னும் இரு பாடல்களும் இவர் பெயரில் உள்ளன. குறுந்தொகைப் பாடலைத் தவிர்த்த ஏனைய மூன்றிலும் வீட்டு முன்வெளி அல்லது அதனோடு ஒத்த பொதுவெளி வருணிக்கப்படுவதும், மூன்றும் தம்முள் வேறுபடுவதும் இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

முதலாவது, எயினர் குடியிருப்பின் முன்றில் (பெரும்பாண். 88–100). ஈன்ற பெண் ஒருத்தி மான்தோற் படுக்கையில் மகவோடு கிடக்கிறாள். அவளை விட்டுவிட்டு ஏனைய எயிற்றியர் இரும்பு முனை பொருத்திய கோலால் கரம்பை நிலத்தைக் கிண்டி, புழுதி படிய நின்று, புல்லரிசியைத் திரட்டுகின்றனர். பின்னர் விளாமரத்து நிழலையுடைய முன்றிலில், நிலத்தையே உரலாக்கிய குழியில் அதனைப் பெய்து உலக்கையால் குற்றுகின்றனர். அம்மரத்தில் பார்வை மான் கட்டப்பட்டுள்ளது. காட்டு மானைக் கவர்ந்து வரப் பழக்கப்பட்ட மான் அது. மரத்தின் அடி தேய்ந்திருப்பதையும் புலவர் குறிக்கிறார். நாள்தோறும் கட்டிக் கட்டித் தேய்ந்த அடிமரம் அம்முன்றிலில் நெடுங்காலமாகத் தொடரும் வேட்டைத் தொழிலைக் காட்டிவிடுகிறது.

இங்கே முன்றில் ஒரே வேளையில் இரண்டு தொழில்களின் களமாகிறது. நிழல் மரம், நில உரல், பார்வை மான் ஆகிய மூன்றும் அருகருகே உள்ளன. ஆற்றுப்படையின் பாணன் இவ்விடத்தில்தான் உணவு பெறப் போகிறான். விருந்து என்பது இவ்வுழைப்பின் இறுதிக் கட்டம் மட்டுமே. அதற்கு முன் கிண்டுதலும் குற்றுதலும் ஆழ்கிணற்றில் உவர்நீர் எடுத்தலும் நிகழ்ந்தாக வேண்டும். அவற்றை ஒன்றுவிடாமல் புலவர் சொல்லிச் செல்கிறார்.

இரண்டாவது, பட்டினப்பாலையின் முற்றம் (20–27). முதலில் ஒரு திருத்தம் தேவை. இக்காட்சி காவிரிப்பூம்பட்டினத்து நகர வீட்டின் காட்சியாகப் பலராலும் எடுத்துரைக்கப்படுகிறது. பாட்டின் தொடரமைப்பை நோக்கினால், இது சோழநாட்டின் வளமிக்க பாக்கங்களின் வருணனையில் அமைகிறது. நகர வருணனை பின்னரே வருகிறது. எனவே நாம் காண்பது வயல்களை அடுத்த ஊர். அங்கே தானியம் உலர்வது இயல்பு. அகன்ற முற்றத்தில் உணவுப்பொருள் காய்கிறது. அதனைக் கவர வரும் கோழியைக் காவல் இருக்கும் மகளிர் காதிலிருந்த கனமான குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகின்றனர். கீழே விழுந்த குழை, காலில் பொன்னணி பூண்ட சிறுவர் குதிரையின்றி உருட்டிவரும் முச்சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. அந்நாட்டில் பகை என்று சொல்லத்தக்கது இவ்வாறு வழிமறிக்கும் பகையே. கலக்கம் தரும் பகை அறியாதது அந்நாடு என்று புலவர் முடிக்கிறார்.

குழையின் பொன் அனைவர் கண்ணிலும் படுகிறது. எறியும் கையை நோக்குவோர் குறைவு. கல் எடுக்கக்கூட எழ வேண்டியிராத வகையில், கைக்கெட்டிய அணியை எறியுமளவுக்கு அம்மகளிர் அங்கேயே அமர்ந்து காவலில் இருந்தனர். செல்வம் அவர்களைக் காவற் பணியிலிருந்து விடுவிக்கவில்லை. பொன் பூண்ட மகளிரும் தம் வீட்டு உணங்கலைத் தாமே காக்கின்றனர். செல்வ வருணனையை மறுப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. போரின்மையைக் கூறவந்த புலவர் அதற்குத் தேர்ந்த காட்சி அன்றாடக் காவல் என்பதே இங்குக் கருதத்தக்கது. கோட்டையின் காவலைப் பேச வேண்டிய இடத்தில் உணங்கலின் காவல் பேசப்படுகிறது. பகை என்ற சொல்லையே முற்றத்தின் அளவுக்குச் சுருக்கிக் காட்டுகிறார் புலவர்.

மூன்றாவது, அகநானூறு 167. பாலைத் திணைப் பாடல். தலைவன் செல்லும் வழியில் மக்கள் கைவிட்ட ஊரில் பாழ்பட்ட பொதியில் ஒன்று உள்ளது. செங்கற் சுவரிலிருந்து விட்டம் வீழ்ந்துவிட்டது. மாடத்தைப் புறாக்களும் துறந்துவிட்டன. எழுதப்பட்ட கடவுள் நீங்கிவிட்டதால் பலி நின்றுவிட்டது. மெழுகப்படாத திணையில் குட்டி ஈன்ற நாய் தங்கியிருக்கிறது, கறையான் பற்றிக்கொண்டிருக்கிறது. இங்குத் ‘திணை’ என்ற சொல் வடிவம் திண்ணையைக் குறிப்பதாக உரையாளர் கொள்வர்.

இது வீட்டுத் திண்ணையன்று, பொதியிலின் திண்ணை என்ற மறுப்பு எழலாம். மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் திண்ணையின் அழிவைச் சொல்லப் புலவர் தேர்ந்த அடை, மெழுகாமை என்பதாகும். மண்ணால் அமைந்த திண்ணை மெழுகும் கையை நம்பி நிற்பது. சாணம் கரைத்து மெழுகும் பணி சில நாள் நின்றாலே மண் வெடிக்கும், கறையான் ஏறும். விட்டம் வீழ்ந்தது காலத்தின் செயல் எனலாம். திண்ணை பாழானதற்குக் காரணம் நின்றுபோன உழைப்பு. திண்ணையைக் கட்டடக் கூறாக மட்டும் கருதி எழுதப்படும் கட்டுரைகள் கவனிக்கத் தவறும் இடமும் இதுவே. ஒரு முறை கட்டிவிட்டால் நின்றுவிடும் பொருளன்று அது. ஒவ்வொரு நாளும் மீண்டும் ஆக்கப்பட வேண்டியது.

திணைகளைச் சமனற்ற சமூக வளர்ச்சியின் நிலைகளாகக் கண்ட கா. சிவத்தம்பியின் அணுகுமுறையில் எயினர் முன்றிலையும் பாக்கத்து முற்றத்தையும் வெவ்வேறு உற்பத்தி நிலைகளின் வெளிகளாகப் பிரிக்கலாம். அப்பிரிவு சரியானதே. திரட்டிய புல்லரிசிக்கும் விளைந்த நெல்லுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. ஆனால் தானியம் உணவாவதற்கு முன் நிகழும் இறுதிப் பணிகள் இரு நிலைகளிலும் வீட்டின் முன்வெளியில், பெண்களின் கையிலேயே நிகழ்கின்றன என்பதை அப்பிரிவு மட்டும் விளக்கிவிடாது.

உணங்கும் தினையும் வரும் பறவையும்

புறநானூற்றின் 319, 320ஆம் பாடல்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டவை. இரண்டும் வாகைத் திணை, வல்லாண்முல்லைத் துறை. முன்னதை ஆலங்குடி வங்கனாரும் பின்னதை வீரை வெளியனாரும் பாடினர். புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுவதால் இவ்விரண்டிற்கும் அவ்வுரையின் துணை இல்லை. பத்துப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் உரை இருந்தமையால் பட்டினப்பாலைக் காட்சி புலமை மரபில் தொடர்ந்து பேசப்பட்டது. இவ்விரு பாடல்களும் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை போன்ற பிற்கால உரையாசிரியர்களுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. நம் கவனம் ஒரு காட்சியிலேயே குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

319ஆம் பாடலில் சிறிய வீட்டின் முன்றிலில் பழைய சாடி ஒன்று இருக்கிறது. செம்மண் நிலத்துக் கூவலில் தோண்டி எடுத்த, கலங்கிச் சிவந்த சிறிதளவு நீர் அதில் உள்ளது. பாணன் வந்து நிற்கிறான். பொழுது சாய்ந்துவிட்டது. முன்றிலில் உலர்த்தும் தினையைப் புறாவும் இதலும் வந்து உண்ணும்படி பரப்புவதற்கு இப்போது நேரமில்லை. ஆகவே சுட்ட முயலிறைச்சியையாவது தருவோம், உள்ளே வந்து இரு என்று மனையிலுள்ளோர் கூறுகின்றனர். பேசுபவள் மனையோள் எனக் கொள்வது பொருந்தும். கணவன் வேந்தன் ஏவிய தொழிலின்பொருட்டு முந்தைய நாள் சென்றிருக்கிறான். தினையைப் பரப்புவது பறவைகளை ஈர்த்துப் பிடித்து விருந்தாக்குவதற்கே என்பது பாட்டின் போக்கிலிருந்து பெறப்படும். அவ்வூர்ச் சிறுவர் காட்டு ஆமானின் கன்றைத் தம் வீட்டுக் கன்றுபோல் பூட்டி விளையாடுகின்றனர்.

பட்டினப்பாலையின் உறுப்புகள் அனைத்தும் இங்கே உள்ளன. உலரும் தானியம், அதனை நாடும் பறவை, பூட்டி விளையாடும் சிறுவர், அவர்களுக்கு நடுவே ஒரு பெண். ஆனால் அவற்றின் உறவு தலைகீழாகிவிட்டது. பாக்கத்தில் பறவை விரட்டப்பட வேண்டியது. சீறூரில் அது வரவேற்கப்பட வேண்டியது. அங்கே தானியம் காக்கப்படும் பொருள். இங்கே அது இரை. அங்கே குதிரையில்லாத பொம்மைத் தேர். இங்கே உயிருள்ள காட்டுக் கன்று. ஒருவரையொருவர் பார்த்துப் பாடினர் என்று கூற இடமில்லை, அது தேவையுமில்லை. முன்றில் என்னும் வெளிக்கென்று புலவர்களிடையே ஒரு பொதுவான காட்சித் தொகுப்பு இருந்தது என்பதும், அதனை வேண்டியவாறு திருப்பிக் கையாண்டனர் என்பதும் புலனாகின்றன.

320ஆம் பாடல் இதனினும் நுட்பமானது. முன்றிலில் முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து பந்தல் வேண்டாத அளவுக்கு நிழல் தருகின்றன. பலர் உறங்கத்தக்க நிழல் அது. அங்கே வேட்டுவன் ஆழ்ந்து உறங்குகிறான். இன்றைய பொருளில் ‘வெளிப்புற வாழ்விடம்’ என்று ஒரு சங்கப் பாடலைக் காட்ட வேண்டுமாயின் இவ்வடிகளையே காட்ட வேண்டும். ஆனால் பாட்டு அங்கே நிற்கவில்லை. கட்டப்பட்டிருக்கும் பார்வைப் பிணையை நாடிக் காட்டிலிருந்து ஒரு தனிக் கலை வந்து அதனோடு கூடி விளையாடுகிறது. மனையோள் அதனைக் காண்கிறாள். கணவன் விழித்துவிடுவானோ என்றும், கலைமான் பிணையைப் பிரிந்து போய்விடுமோ என்றும் அஞ்சி, வீட்டினுள் நடமாடாமல் இருந்துவிடுகிறாள். அவள் அசையாதிருப்பதால், மான்தோலில் உலரவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் கவர்ந்து உண்கின்றன.

பெரும்பாணாற்றுப்படையின் விளாமரத்தடிப் பார்வை மானை இங்கு மீண்டும் நினைவிற் கொள்ள வேண்டும். பார்வை மான் கட்டப்படுவது கலையை வரவழைப்பதற்கே. கலை வந்துவிட்டது. வேட்டைக்கருவி தன் வேலையைச் செய்துவிட்டது. வேட்டுவனை எழுப்புவதே மனையோள் செய்ய வேண்டியது. அவள் எழுப்பவில்லை. அதேபோல் உணங்கலைக் காப்பது அவள் பொறுப்பு, அவள் காக்கவில்லை. முன்றிலின் இரண்டு தொழில்களையும் ஒரே கணத்தில் அவள் நிறுத்திவைக்கிறாள். இதனை மனையோளின் அருளுணர்வு என்று பொதுவாகக் கூறி அமைதல் எளிது. ஆனால் அவ்வருளுக்கு விலை உண்டு என்பதையும் புலவர் சேர்த்தே சொல்கிறார். கை நழுவியது மான் இறைச்சி, போனது தினை. இரண்டும் அவ்வீட்டின் உணவு. அவள் வெறுமனே இருந்தாள் என்பதை வெறுமையாக வாசித்தால் பாட்டு சுருங்கிவிடும். காவல் அவளுடைய அன்றாடக் கடமை என்று அறிந்த வாசகருக்கே, காவாதிருத்தல் ஒரு முடிவாகத் தோன்றும்.

அதன்பின் சந்தன விறகின் தீயில் ஆக்கிய இறைச்சியைப் பெரிய சுற்றத்தோடு உண்டு தங்கிச் செல்லுமாறு பாணன் அழைக்கப்படுகிறான். வல்லாண்முல்லைத் துறை வீரனது இல்லையும் ஊரையும் இயல்பையும் புகழ்வது. இவ்விரு பாடல்களிலும் வீரன் ஒன்று வெளியே சென்றிருக்கிறான் அல்லது உறங்குகிறான். புகழுக்குரிய இல்லத்தை நடத்துபவள் வேறொருத்தி. துறையின் இலக்கணம் அவளைப் பெயர்சொல்லிச் சுட்டுவதில்லை. பாட்டின் நிகழ்ச்சிகள் அவளைச் சுற்றியே அமைகின்றன.

காவலின் இழிவும் காவலின்மையும்

உணங்கலைக் காப்பது எல்லா இடத்திலும் ஒரே மதிப்பைப் பெறவில்லை. நற்றிணை 45 இதற்குச் சான்று. பெருங்குடித் தலைவனைத் தோழி விலக்கி நிறுத்தும் நெய்தற் பாடல் அது. தலைவி மீனவர் மகள். சுறாமீனை அறுத்து உலரவைத்து, அதனைக் கவர வரும் பறவைக் கூட்டத்தை ஓட்டும் தங்களுக்கு அவனுடைய நலம் எதற்கு என்று தோழி வினவுகிறாள். தங்கள் மேனியில் புலால் நாறும், எட்டி நில் என்றும் கூறுகிறாள். பொற்குழை மகளிர் செய்த அதே வேலைதான் இது. உலரும் பொருள் மட்டும் வேறு. அங்கே வளத்தின் அணியாக நின்ற செயல் இங்கே குடிவேறுபாட்டின் அடையாளமாகிறது. தோழியின் குரலில் தாழ்வுணர்ச்சியைக் காட்டிலும் பெருமிதமே மேலோங்கி நிற்கிறது என்பது என் வாசிப்பு. மாற்றுக் கருத்துக்கும் இடமுண்டு.

தினைப்புனக் காவலைப் பற்றி நம்மிடம் ஆய்வுகள் நிறைய உள்ளன. அது குறிஞ்சிக் காதலின் களம். கிளி, கவண், தழையாடை என்று அதன் கருப்பொருள்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அறுவடைக்குப் பின் அதே தினை வீட்டு முன்றிலுக்கு வருகிறது. காவலும் தொடர்கிறது. புனத்தில் காத்தவள் கன்னி; முன்றிலில் காப்பவள் மனையோள். காதல் நிகழும் காவலுக்கு இலக்கணம் இடம் தந்தது. இல்வாழ்வில் தொடரும் காவலுக்கு அத்தகைய பெயர் எதுவும் அமையவில்லை. ஆய்வாளர்களும் அவ்வழியே சென்றுவிட்டோம்.

இப்பின்னணியில் குறுந்தொகை 41 புதிய தெளிவு பெறுகிறது. காதலர் அருகிருக்கும்போது விழாக் கொண்ட ஊர்போல் மகிழ்வதாகவும், அவர் நீங்கின் பாலைவழியை அடுத்த சீறூரில் மக்கள் விட்டுச்சென்ற, அணில்கள் ஆடும் முன்றிலையுடைய தனித்த வீடுபோல் வருந்துவதாகவும் தலைவி கூறுகிறாள். இவ்வுவமையின் சிறப்பால் புலவரின் இயற்பெயரே மறைந்து அணிலாடு முன்றிலார் என்ற பெயர் நிலைத்தது. தனிமைக்கு அணிலை ஏன் தேர்ந்தார் என்பதற்கு, ஆளரவம் அற்ற இடத்தில் அணில் அச்சமின்றி விளையாடும் என்பது பொதுவான விளக்கம். அது சரியே. உணங்கற் காட்சிகளோடு இணைத்துப் பார்த்தால் இன்னொன்றும் சேர்கிறது. மக்கள் வாழும் முன்றிலுக்கும் அணில் வரும், தானியத்தை நாடி வரும், விரட்டப்படும். மக்கள் போன முன்றிலில் விரட்டுவார் இல்லை. காப்பதற்குத் தானியமும் இல்லை. அணில் உண்ணவில்லை, ஆடுகிறது. உணங்கல் அற்ற முன்றிலின் அடையாளம் அது. அகம் 167இல் மெழுகாத திண்ணை எதைச் சொல்கிறதோ, அதையே இங்கு அணில் சொல்கிறது.

ஒரு மறுப்பும் இன்றைய வெளியும்

முன்றிலைத் தொழிற்களமாக மட்டும் காண்பது மறுதலையான மிகையாகும் என்று கூறலாம். புறநானூறு 129இல் முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடும்போது, குறவர் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலை அருந்தி வேங்கைமரம் நிற்கும் முன்றிலில் குரவை ஆடுகின்றனர். அங்கே உலக்கையும் இல்லை, உணங்கலும் இல்லை. அம்முன்றில் களிப்பின் இடமே. அதனை மறுக்க வேண்டியதில்லை. இவ்விடத்தில் கூறத்தக்கது ஒன்றே. குரவை ஆடப்படும் முன்றிலும் தினை உலரும் முன்றிலும் இரு வேறு இடங்கள் அல்ல. ஒரே வெளி நேரத்திற்கேற்ப மாறுகிறது. ‘பேட்டியோ’ என்னும் கருத்தாக்கத்தில் இம்மாற்றத்திற்கு இடமில்லை. அங்கே ஓய்வு மட்டும் நிலையான பயன்பாடாகத் தளமிடப்படுகிறது. உழைப்பு வேறொரு அறைக்கு அனுப்பப்படுகிறது.

திண்ணை எல்லோருக்கும் திறந்திருந்தது என்ற கூற்றையும் இதனோடு சேர்த்து மறுவாசிப்புச் செய்ய வேண்டும். 1994இல் வெளிவந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் வண்ணார் குடியைச் சேர்ந்த ஆரோக்கியம் வீடுவீடாகச் சென்று சோறு எடுக்கிறாள். அவள் நின்று குரல்கொடுக்கும் வாசல் அவளுக்கு ஓய்விடமும் அன்று, விருந்திடமும் அன்று. அவள் குடும்பத்தின் உழைப்புக்கான கூலி அங்கேதான் கைம்மாறுகிறது, அல்லது மறுக்கப்படுகிறது. சங்கப் பாடலின் பாணனுக்கு ‘உள்ளே வந்து இரு’ என்ற அழைப்பு கிடைத்தது. முன்றிலில் நிற்கும் எல்லோருக்கும் அவ்வழைப்பு எக்காலத்தும் கிடைத்ததாகக் கொள்வதற்கு இலக்கியம் சான்று தரவில்லை. யார் அமர்ந்தனர், யார் நின்றனர், யார் மெழுகினர் என்ற மூன்று வினாக்களையும் எழுப்பாமல் திண்ணையைப் போற்றும் கட்டுரை பாதிச் செய்தியையே தருகிறது.

முற்றம் வைத்துக் கட்டப்படும் புதிய வீடுகள் சிலவற்றை அண்மையில் காண நேர்ந்தது. தரையில் மெருகேற்றிய கல், ஓரத்தில் தொட்டிச் செடிகள், நடுவில் பிரம்பு ஊஞ்சல். அவ்வீடுகளில் வற்றலும் வடகமும் எங்கே காய்கின்றன என்று கேட்டபோது கிடைத்த விடை ஒன்றே: மொட்டைமாடியில். சித்திரை வெயிலில் பழைய வேட்டியை விரித்துக் கூழ் வடகம் இட்டு, காக்கையை அஞ்சச்செய்யக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து அருகில் வைத்துவிட்டு, மாடிப்படியின் நிழலில் வீட்டின் மூத்த பெண் ஒருவர் கையில் கோலோடு அமர்ந்திருந்தார்.